மறக்கச் சொல்லாத மருத்துவர்



துக்க வீட்டுக்குச் செல்லும்போது நாம் வழக்கமாக என்ன சொல்கிறோம்? நடந்தது நடந்துவிட்டது, அதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம், மனத்தை வேறு பக்கம் திருப்புங்கள், கடவுள் பார்த்துக்கொள்வார் என்கிறோம். விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாயிடமும் இதையே சொல்கிறோம். சிறுவயதில் யாரிடமும் சொல்ல முடியாத கொடுமைக்கு ஆளாகி, இன்று இரவில் தூக்கமின்றித் தவிக்கும் இளைஞரிடமும் இதையே சொல்கிறோம். பங்குப் பணியில் இருக்கும் குருக்களாகிய நாமும் இதற்கு விதிவிலக்கு அல்ல. அன்பினால்தான் அப்படிச் சொல்கிறோம். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கத் தவறிவிடுகிறோம். மறக்க முடிந்திருந்தால் அவர்கள் எப்போதோ மறந்திருப்பார்கள், நம்மைத் தேடி வந்திருக்கவே மாட்டார்கள்.

சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு, உலகமே மறந்துவிடு என்று சொல்லிக்கொண்டிருந்த வேளையில், மறக்க முயலாதே என்று தம்மிடம் வந்தவர்களுக்குச் சொன்ன மருத்துவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ். அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் உள்ளத்தில் காயப்பட்டவர்களோடு வாழும் நாம் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அவருடையது. நம் நீலகிரி மலையிலும் சில மாதங்கள் வாழ்ந்தவர் அவர்.

திக்குவாய்ச் சிறுவன்

ரிவர்ஸ் 1864ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், சாத்தம் நகருக்கு அருகில் பிறந்தார். தந்தை ஹென்றி ரிவர்ஸ் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குரு. தாய்மாமன் ஜேம்ஸ் ஹன்ட், திக்கிப் பேசுவோருக்குப் பயிற்சி அளித்துச் சரிசெய்வதில் அந்நாளில் புகழ்பெற்றவர். 1869இல் மாமன் இறந்த பிறகு, அப்பணியை ரிவர்ஸின் தந்தையே ஏற்று நடத்தினார். சிறுவர்கள் விரும்பிப் படிக்கும் ஆலிஸ் கதைகளை எழுதிய லூயிஸ் கரோலும் தம் திக்குவாய்க்காக இக்குடும்பத்தின் உதவியை நாடியவர்களுள் ஒருவர்.

ஊராரின் திக்குவாய்க்குப் பயிற்சி அளித்த அந்த வீட்டில், சொந்த மகனின் திக்குவாய் மட்டும் தீரவில்லை. ரிவர்ஸ் சாகும்வரை திக்கித் திக்கியே பேசினார். பேச வாயெடுத்தும் சொல் வராமல் தவிப்பது எப்படிப்பட்டது என்பதை அவர் நூல்களிலிருந்து கற்கவில்லை, தம் வாழ்விலிருந்தே கற்றார். சொல் வரும்வரை காத்திருக்கும் பொறுமை பின்னாளில் அவரிடம் அவ்வளவு நிறைந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

லண்டன் புனித பர்த்தலமேயு மருத்துவமனையில் படித்து, 1886இல், தம் 22ஆம் வயதில் மருத்துவப் பட்டம் பெற்றார். சில காலம் கப்பல் மருத்துவராகக் கடல் கடந்தார். 1893இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். கண், காது, தோல் போன்ற புலன்கள் எவ்வாறு உணர்கின்றன என்பது அவரது பாடம். 1898இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையே உள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்கு ஆய்வுக் குழு ஒன்றுடன் சென்றார். அத்தீவு மக்களோடு பழகியபோது அவரது ஆர்வம் மனிதர்களின் உறவுமுறைகள் பக்கம் திரும்பியது.

நீலகிரியில் ஒரு மாணவர்

அந்த ஆர்வமே அவரை 1901ஆம் ஆண்டில் நம் நீலகிரிக்கு அழைத்து வந்தது. அங்கு எருமை மந்தைகளோடு வாழ்ந்த தோடர் இன மக்களிடம், மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் துணையோடு, அவர்களுடைய குடும்பங்களைப் பற்றிக் கேட்டறிந்தார். தந்தை யார், தாய் யார், உடன்பிறந்தோர் எத்தனை பேர், யார் யாரை மணந்தார்கள் என்று ஒவ்வொரு குடும்பத்தின் வழிமுறையையும் எழுதினார். இதில் ஓர் இடையூறு இருந்தது. இறந்துபோன உறவினரின் பெயரைத் தம் வாயால் சொல்லத் தோடர்கள் தயங்கினார்கள். ரிவர்ஸ் அவர்களை வற்புறுத்தவில்லை. ஒரு குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை வேறு குடும்பத்தாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். இந்த ஆய்வின் பயனாக 1906இல் வெளிவந்த அவரது பெரிய நூல், தோடர்களைப் பற்றிப் பேசுவோர் இன்றும் தவிர்க்க முடியாத நூல்.

சொல்ல முடியாததைச் சொல்லுமாறு ஒருவரை எப்படி நெருங்குவது, எங்கே நிறுத்திக்கொள்வது என்னும் பயிற்சி அவருக்கு மருத்துவமனையில் கிடைப்பதற்கு முன்பே இவ்வாறு மலைக் குடியிருப்புகளில் கிடைத்தது.

இங்கிலாந்து திரும்பியதும் மற்றொரு வியப்பான ஆய்வில் இறங்கினார். 1903 ஏப்ரல் மாதத்தில் அவருடைய நண்பரான மருத்துவர் ஹென்றி ஹெட், தம் கையில் உள்ள ஒரு நரம்பை அறுவை மருத்துவரைக் கொண்டு வெட்டி, மீண்டும் இணைத்துத் தைக்கச் செய்தார். வெட்டுண்ட நரம்பில் உணர்வு எப்படித் திரும்புகிறது என்பதைக் கண்டறிவதே நோக்கம். அடுத்த 4 ஆண்டுகள் ரிவர்ஸ் தம் கல்லூரி அறையில் நண்பரின் கையை ஊசியாலும் பஞ்சாலும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் குறிப்பெடுத்தார். முதலில் திரும்பியது முரட்டுத்தனமான, எங்கே வலிக்கிறது என்று சரியாகச் சொல்ல முடியாத வலி. வெகு காலம் கழித்தே மெல்லிய தொடுதலை இனங்காணும் நுண்ணுணர்வு வந்தது. உணர்வுக்கு இப்படி இரண்டு தனித்தனி அமைப்புகள் உண்டு என்று அவர்கள் வகுத்த கொள்கையைப் பின்வந்த ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் காயம் ஆறக் காலம் வேண்டும், ஆறும் வழியிலும் வலி உண்டு என்பதை ரிவர்ஸ் கண்ணெதிரே கண்டார்.

காயமில்லாத காயம்

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. பதுங்குகுழிகளில் இரவு பகலாகக் குண்டுமழைக்கு நடுவே கிடந்த வீரர்கள் பலரிடம் மருத்துவர்களுக்குப் புரியாத நோய்கள் தோன்றின. உடலில் காயம் இல்லை, ஆனால் கால்கள் நடக்கவில்லை. தொண்டையில் குறையில்லை, ஆனால் பேச்சு வரவில்லை. சிலருக்குக் கண் தெரியவில்லை. சிலர் உறக்கத்தில் அலறினார்கள். பலருக்குக் கைகள் ஓயாமல் நடுங்கின. வெடிகுண்டின் அதிர்வு மூளையைக் குலுக்கிவிட்டது என்று முதலில் எண்ணி, இதற்கு வெடி அதிர்ச்சி என்னும் பொருளில் பெயர் வழங்கினார்கள். ரிவர்ஸின் மாணவரான சார்லஸ் மையர்ஸ் 1915இல் அச்சொல்லை மருத்துவ இதழில் பயன்படுத்தினார். ஆனால் குண்டு வெடித்த இடத்துக்கு அருகிலேயே இல்லாதவர்களுக்கும் இதே நோய் கண்டது. எனவே அடிபட்டது மூளை அல்ல, மனம் என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று.

அந்த மனிதர்களை உலகம் எப்படி நடத்தியது? பலரைக் கோழை என்றார்கள், நடிக்கிறான் என்றார்கள். போர்க்களத்தை விட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் படையில் 306 பேர் தம் சொந்தப் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் மனம் சிதைந்த நிலையில் இருந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு அரசின் மன்னிப்பு கிடைத்தது 2006ஆம் ஆண்டில்தான். பேச்சிழந்த வீரர்களுக்குத் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்த மருத்துவர்களும் இருந்தார்கள். கனிவானவர்கள் சொன்ன அறிவுரை, நாம் இன்றும் துக்க வீடுகளில் சொல்லும் அதே அறிவுரைதான்: மறந்துவிடு, நல்லதை நினை, புத்தகம் படி, விளையாடு.

ரிவர்ஸ் 1915இல் லிவர்பூல் அருகே மகல் என்னுமிடத்தில் இருந்த இராணுவ மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். 1916இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரை ஒட்டிய கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். நீர்ச் சிகிச்சைக்காகக் கட்டப்பட்ட பெரிய விடுதி அது. போர்க்காலத்தில் மனம் பாதிக்கப்பட்ட இராணுவ அதிகாரிகளுக்கான மருத்துவமனையாக மாறியிருந்தது. பகலில் அங்கே கோல்ஃப், டென்னிஸ் என்று கலகலப்பாக இருக்கும். இரவானால் அறைக்கு அறை அலறல் கேட்கும். போரினால் திக்குவாய் வந்த அதிகாரிகள் பலர் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அமர்ந்து கேட்ட மருத்துவரும் திக்கிப் பேசுபவராகவே இருந்தார்.

ஒரு கனவு மாறிய விதம்

ரிவர்ஸின் வழி எளிமையானது. நோயாளியைத் தம் அறைக்கு அழைத்து, எதிரே அமர்த்தி, நடந்ததைச் சொல்லச் சொல்வார். கனவுகளைக் கேட்பார். எதை நினைக்கவே கூடாது என்று அவர் ஓடிக்கொண்டிருக்கிறாரோ, அதை நோக்கி அவரோடு சேர்ந்து மெதுவாக நடப்பார். 1917 டிசம்பரில் மருத்துவர்கள் முன் ஆற்றிய உரை ஒன்றில், பெயர் குறிப்பிடாமல் சில நோயாளிகளைப் பற்றி அவர் விளக்கினார். மறு ஆண்டு மருத்துவ இதழில் அது வெளிவந்தது.

அவர்களுள் ஓர் இளம் அதிகாரி, போர்முனையில் காணாமற்போன தம் நண்பரைத் தேடிச் சென்று, குண்டு வெடித்துச் சிதறிக் கிடந்த உடலைக் கண்டெடுத்தவர். அன்றுமுதல் ஒவ்வோர் இரவும் அந்த நண்பர் கனவில் வந்தார். சில நாள்கள் சிதைந்த உடலாக வந்தார். சில நாள்கள் தொழுநோயால் அரிக்கப்பட்ட உருவமாக நெருங்கி நெருங்கி வந்தார். வியர்த்து அலறி எழும் அந்த மனிதர், இரவு வருவதற்கே அஞ்சினார். பகல் முழுவதும் அந்த நினைவைத் தள்ளித் தள்ளி வைத்தார். அப்படித் தள்ளியதெல்லாம் இரவில் திரும்பி வந்தது.

ரிவர்ஸ் அவரை அந்தக் காட்சியை முழுவதுமாகச் சொல்ல வைத்தார். பிறகு அவர் இதுவரை பார்க்காத ஒன்றைச் சுட்டிக்காட்டினார். உடல் அப்படிச் சிதறிக் கிடந்ததே, நண்பர் நொடிப்பொழுதில் இறந்துவிட்டார் என்பதற்குச் சான்று. காயம்பட்டு, தாகத்தோடு, மணிக்கணக்கில் துடித்துச் சாகும் கொடுமை அவருக்கு நேரவில்லை. இதைக் கேட்டதும் அந்த அதிகாரியின் முகம் மலர்ந்தது. இனி அந்த நினைவைத் துரத்தப் போவதில்லை, அது வரும்போது இந்த உண்மையோடு சேர்த்து எண்ணப் போகிறேன் என்று முடிவு செய்தார். சில இரவுகள் கனவே இல்லை. பிறகு ஓர் இரவு மீண்டும் அதே களத்துக்குச் செல்வதாகக் கனவு வந்தது. அதே உடலைக் கண்டார். ஆனால் இம்முறை அச்சம் இல்லை. அருகில் மண்டியிட்டு, நண்பரின் வீட்டாருக்கு அனுப்புவதற்காக அவருடைய பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்தார். உண்மையில் அன்று அவர் செய்ததும் அதுதான். விழித்தபோது அலறவில்லை, மெல்ல அழுதுகொண்டிருந்தார்.

அன்பர்களே, இங்கே சற்று நிற்போம். இந்த மனிதர் நண்பரை மறக்கவில்லை. அவருக்கு வலி இல்லாமலும் போகவில்லை. திகிலாக இருந்தது துக்கமாக மாறியது. திகிலோடு வாழ முடியாது, துக்கத்தோடு வாழ முடியும். துக்கத்தில் அன்பு இருக்கிறது. அதுவரை நண்பருக்காக அழக்கூட முடியாமல் இருந்தவருக்கு அழ முடிந்தது. உளவியல் சிகிச்சை செய்வது இதைத்தான்.

மேலே தோல் மூடி, உள்ளே சீழ் கோத்த புண்ணை நாம் கண்டிருக்கிறோம். பார்ப்பதற்கு ஆறியது போல இருக்கும், தொட்டால் உயிர் போகும். மூடியிருக்கும்வரை அது ஆறாது. மனமும் அப்படியே. பெரும் அச்சத்தில் பதிந்த நினைவை நாம் தொடாமல் ஒதுக்கும்போது, அது அன்றிருந்த அச்சத்தோடு அப்படியே உறைந்திருக்கிறது. ஆபத்து முடிந்துவிட்டது என்பது அறிவுக்குத் தெரியும், உடலுக்குத் தெரிவதில்லை. பாதுகாப்பான ஓர் இடத்தில், நம்பத்தக்க ஒருவரின் முன்னிலையில் அந்த நினைவைச் சிறிது சிறிதாக எடுத்துச் சொல்லும்போது, இது இப்போது நடப்பதல்ல, முன்பு நடந்தது என்பதை உடலும் கற்கிறது. அப்போது காணாதவற்றையும் காண முடிகிறது. குற்றம் என்னுடையது என்று சுமந்தவர், என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று உணர்கிறார்.

இருண்ட சந்தில் ஒரு நாய்

ரிவர்ஸிடம் வந்த மற்றொருவர் இளம் மருத்துவர். மூடிய இடம் என்றாலே சிறுவயதுமுதல் அவருக்கு நடுக்கம். அப்படிப்பட்டவர் பதுங்குகுழிக்குள் வாழ வேண்டியதாயிற்று. முதல் நாளே அவர் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்து, மண்ணில் புதைந்துபோனால் தோண்டிக்கொள்ள உதவும் என்றார்களாம். உறக்கமின்றி இரவெல்லாம் வெளியே நடந்துகொண்டிருந்தார். இறுதியில் உடல் நலிந்து மருத்துவமனை வந்து சேர்ந்தார்.

ரிவர்ஸின் வழிகாட்டுதலில் கனவுகளை நினைவுகூர்ந்து படுத்திருந்தபோது, மூன்று நான்கு வயதில் நடந்த ஒன்று அவருக்குத் திடீரென நினைவு வந்தது. பழைய சாமான்களை வாங்கும் முதியவர் ஒருவரிடம் எதையோ கொடுத்து அரை பென்னிக் காசு வாங்கிக்கொண்டு திரும்பும்போது, இருண்ட ஒடுக்கமான வழியில் கதவு மூடிக்கொண்டது. திறக்க எட்டவில்லை. மறுமுனையில் ஒரு பழுப்பு நிற நாய் உறுமியது. அந்த முதியவரின் பெயர்கூட அவருக்கு நினைவு வந்தது. பெற்றோரிடம் விசாரித்தபோது, அப்படி ஒருவர் அங்கு வாழ்ந்தது உண்மை என்று தெரிந்தது. அந்த நிகழ்ச்சி மட்டும் அவர்களுக்குத் தெரியாது, பிள்ளை யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு மூடிய அறையில் இருக்கவும் சுரங்க ரயிலில் செல்லவும் அவரால் முடிந்தது. பெரியவர்களுக்கு அற்பமாகத் தோன்றும் ஒன்று பிள்ளையின் உள்ளத்தில் எத்தனை ஆண்டுகள் தங்கிவிடுகிறது!

ரிவர்ஸ் தம் காலத்தில் புகழ்பெற்றிருந்த சிக்மண்ட் ஃபிராய்டின் கருத்துகளைக் கற்றவர். அடக்கப்பட்ட நினைவு நோயாக வெளிப்படும் என்பதை ஏற்றார். எல்லாவற்றுக்கும் பாலுணர்வே வேர் என்பதை ஏற்கவில்லை. போரில் சிதைந்த மனிதர்களிடம் அவர் கண்ட வேர் வேறு: உயிரச்சம், அதை வெளியே காட்டக் கூடாது என்னும் கடமை, இரண்டுக்கும் இடையே நசுங்கும் மனம். பின்னர் லண்டனில் விமானப்படை மருத்துவமனையில் பணியாற்றியபோது மற்றொன்றையும் கவனித்தார். விமானத்தைத் தாமே ஓட்டியவர்களைவிட, கயிற்றில் கட்டிய பலூனில் அசைய வழியின்றித் தொங்கிக்கொண்டு எதிரியைக் கண்காணித்தவர்களே அதிகம் மனமுடைந்தார்கள். ஆபத்தைவிட, ஆபத்தில் ஒன்றும் செய்ய இயலாத நிலையே மனிதரை உடைக்கிறது. கொடுமைக்குள்ளான குழந்தைகளைப் பற்றி நினைக்கும்போது இதை நாம் மறக்கக் கூடாது.

தம் சிகிச்சை எல்லாருக்கும் பலித்தது என்று ரிவர்ஸ் பெருமை பேசவில்லை. அழுகிய சடலம் ஒன்றின்மேல் முகம் புதைய விழுந்த ஓர் அதிகாரியின் நினைவில், பற்றிக்கொள்ள நல்லது எதையும் தம்மால் காண முடியவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். அவரைப் படையை விட்டு விலகி, அவருக்கு முன்பு ஆறுதல் தந்த கிராமப்புற வாழ்வுக்குத் திரும்புமாறு அனுப்பி வைத்தார். எப்போதும் அதையே எண்ணிக்கொண்டிருப்பதும், எண்ணவே மறுப்பதைப் போலத் தீங்கானது என்று எச்சரித்தார். குணமடைந்தவர்கள் தம் விளக்கத்தால் குணமடைந்தார்களா, தம்மேல் கொண்ட நம்பிக்கையால் குணமடைந்தார்களா என்னும் கேள்வியையும் அவரே எழுப்பிக்கொண்டார்.

மருத்துவரின் போராட்டம்

1917 ஜூலை மாதத்தில் சிக்ஃபிரட் சசூன் என்னும் கவிஞர் அங்கு வந்து சேர்ந்தார். வீரத்துக்கான பதக்கம் பெற்ற அதிகாரி அவர். போரை முடிக்கக்கூடியவர்களே வேண்டுமென்று நீட்டிக்கிறார்கள், இனி இதில் பங்கேற்கமாட்டேன் என்று பகிரங்கமாக அறிக்கை விடுத்திருந்தார். இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுவிடுவாரோ என்று அஞ்சிய நண்பர் ராபர்ட் கிரேவ்ஸ் முயன்று, அவரை மனநோயாளி என்று மருத்துவக் குழு முடிவு செய்யும்படி பார்த்துக்கொண்டார்.

ரிவர்ஸ் அவரைச் சோதித்தார். நோய் ஒன்றும் இல்லை. வாரத்துக்கு மூன்று மாலைகள் இருவரும் அமர்ந்து பேசினார்கள். கடமையை எடுத்துச் சொல்லி அவரைப் போருக்குத் திருப்பி அனுப்புவது இராணுவ மருத்துவரான ரிவர்ஸின் பொறுப்பு. ஆனால் பேசப் பேச, மருத்துவரின் மனமே அலைபாயத் தொடங்கியது. குணமாக்கி அனுப்புவது எங்கே? மீண்டும் சாவின் வாய்க்குள்தானே? இந்தப் போராட்டம் தம் கனவிலும் வந்ததை அவர் மறைக்கவில்லை. நோயாளியின் கனவைப் போலவே தம் கனவையும் ஆராய்ந்து எழுதி வைத்தார்.

நவம்பர் மாதத்தில் சசூன் தாமாகவே போர்முனைக்குத் திரும்ப முடிவு செய்தார். தம் வீரர்களைக் கைவிட்டுவிட்டோம் என்னும் எண்ணம் அவரை வாட்டியது. 1918 ஜூலையில் தலையில் குண்டு பட்டது. உயிர் பிழைத்து லண்டன் மருத்துவமனையில் கிடந்தபோது, ரிவர்ஸ் அவரைத் தேடி வந்து பார்த்தார். அதே கிரெய்க்லாக்கார்ட்டில் ஆர்தர் பிராக் என்னும் வேறொரு மருத்துவரிடம் சிகிச்சை பெற்றுத் திரும்பிய கவிஞர் வில்ஃபிரட் ஓவன் பிழைக்கவில்லை. போர் முடிய ஒரு வாரமே இருந்தபோது, 1918 நவம்பர் 4ஆம் நாள் கொல்லப்பட்டார். காயத்தை ஆற்றுவது மட்டும் போதாது, காயப்படுத்துவதை நிறுத்தவும் வேண்டும் என்பதை இந்த இருவரின் கதை நமக்குக் கற்பிக்கிறது. அடிக்கும் கணவரின் வீட்டுக்கே பெண்ணைச் சமாதானப்படுத்தித் திருப்பி அனுப்பும் நம் வழக்கத்தையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பூட்டிய மாடி

ரிவர்ஸுக்கும் ஆறாத காயம் ஒன்று இருந்தது போலும். ஐந்து வயதுவரை தாம் வாழ்ந்த வீட்டின் கீழ்த்தளம் அவருக்கு ஓரளவு மனக்கண்ணில் தெரிந்தது. மாடி மட்டும் எவ்வளவு முயன்றும் தெரியவில்லை. அங்கே தமக்கு ஏதோ வேண்டாதது நேர்ந்திருக்க வேண்டும், அதனாலேயே காட்சிகளை மனத்தில் காணும் ஆற்றல் தம்மிடம் குன்றிப்போனது என்று அவர் கருதினார். 1920இல் வெளியிட்ட நூலில் இதைத் தாமே எழுதினார். எத்தனையோ பேருக்குக் கதவு திறந்து விட்டவருக்குத் தம் வீட்டு மாடிக் கதவு கடைசிவரை திறக்கவில்லை.

போருக்குப் பின் கேம்பிரிட்ஜ் திரும்பிய ரிவர்ஸ், முன்பிருந்த கூச்சம் நீங்கி, மாணவர்களைத் தம் அறையில் கூட்டி உரையாடுபவராக மாறியிருந்தார். 1922இல் தொழிற்கட்சியின் சார்பில் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கவும் இசைந்தார். ஆனால் அதற்குள் குடலிறக்கம் திடீரென முற்றி, 1922 ஜூன் 4ஆம் நாள் தமது 58ஆம் வயதில் இறந்தார். அன்று தூய ஆவியார் பெருவிழா ஞாயிறு.

சசூன் அவரைத் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. 1936இல் வெளியிட்ட நூலில் மற்றவர்களுக்கெல்லாம் புனைபெயர் சூட்டியவர், ரிவர்ஸை மட்டும் சொந்தப் பெயரிலேயே எழுதினார். அதே சசூன் 1957இல், தம் 70ஆம் வயதில், கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். கிரெய்க்லாக்கார்ட் கட்டடமும் போருக்குப் பின் திரு இருதய சபை அருள்சகோதரிகளின் கைக்கு வந்து, பல்லாண்டுகள் கத்தோலிக்க ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியாக விளங்கியது. இன்று அது பல்கலைக்கழக வளாகம். அலறல் கேட்ட அந்த அறைகளில் பின்னர் இளம் ஆசிரியர்கள் உருவானார்கள்.

இன்று நமக்கு

ரிவர்ஸ் தொடங்கிய வழி இன்று வெகுவாக வளர்ந்துள்ளது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் என்பது 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் முறையாக இடம்பெற்றது. அதிர்ச்சி நினைவைப் படிப்படியாக அணுகும் பேச்சுச் சிகிச்சையையும், கண்ணசைவுப் பயிற்சியோடு அந்த நினைவை அணுகும் சிகிச்சையையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. அதோடு ஓர் எச்சரிக்கையும் சேர்ந்து கிடைத்துள்ளது. துயரம் நேர்ந்த உடனே எல்லாரையும் உட்கார வைத்து, நடந்ததை ஒரே மூச்சில் சொல்லும்படி வற்புறுத்துவது பயன் தருவதில்லை. முதலில் உணவு, உறைவிடம், பாதுகாப்பு, உடனிருப்பு. சொல்ல வேண்டிய நேரத்தைக் காயப்பட்டவரே முடிவு செய்ய வேண்டும். இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்கிய தோடர்களை ரிவர்ஸ் வற்புறுத்தவில்லை அல்லவா?

நம் பங்குகளிலும் அன்பியங்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. தினமும் திருப்பலிக்கு வருபவராகவே இருக்கலாம். இரவில் உறங்காதவர், சிறு ஓசைக்கும் திடுக்கிடுபவர், காரணமின்றிக் கோபப்படுபவர், குடியில் ஒளிந்துகொள்பவர் என நம் நடுவே நடமாடுகிறார்கள். அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று நாம் தீர்ப்பிட வேண்டாம். எலும்பு முறிந்தவரிடம் செபம் மட்டும் போதும் என்று நாம் சொல்வதில்லை, மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம், செபிக்கவும் செய்கிறோம். மனம் முறிந்தவருக்கும் அதுவே முறை. ஒப்புரவு அருளடையாளம் பாவத்துக்கு மன்னிப்பு அளிக்கிறது. ஆனால் கொடுமைக்கு ஆளானவர் சுமப்பது அவருடைய பாவம் அல்ல. அவருக்குத் தேவைப்படுவது அவர் குற்றவாளி இல்லை என்று உணர்த்தும் துணை. பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநரிடமோ மனநல மருத்துவரிடமோ செல்வது விசுவாசக் குறைவு அல்ல.

எம்மாவுக்குச் சென்ற இரு சீடர்களை நினைத்துக்கொள்வோம். உயிர்த்த ஆண்டவர் எல்லாம் அறிந்தவர். ஆயினும் வழியில் அவர்களோடு சேர்ந்துகொண்டபோது, என்ன நிகழ்ந்தது என்று அவர்களையே கேட்டார். அவர்கள் வருத்தத்தோடு முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை உடன் நடந்தார். அதன் பிறகே அவர்கள் காணாததை விளக்கிக் காட்டினார். நடந்ததை மறந்துவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அவருடைய உடலிலும் காயத் தழும்புகள் மறையவில்லை.

அடுத்த முறை துக்க வீட்டுக்குச் செல்லும்போது அறிவுரையை வாசலிலேயே விட்டுச் செல்வோம். அருகில் அமர்வோம். அவர்கள் பேசினால் கேட்போம், பேசாவிட்டால் காத்திருப்போம். நம்மால் தாங்க முடியாத அளவுக்குச் சுமை பெரிது என்று தெரிந்தால், தாங்கத் தெரிந்தவரிடம் கைபிடித்து அழைத்துச் செல்வோம். இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களுக்கே அப்படி ஒரு பூட்டிய மாடி இருக்குமானால், அதற்காக வெட்கப்பட வேண்டாம். தனியாக ஏறவும் வேண்டாம். உடன் வர ஆள் இருக்கிறது. நல்ல ஆயனாம் ஆண்டவர் அந்தப் படிகளிலும் நம்மோடு வருவாராக.